மூன்று சென்டிமீட்டர் வால்

என் ரேடியோ மேசையில் ஒரு சின்ன அலுமினியப் பெட்டி இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு சுவிட்ச். ஒரு பக்கம் திருப்பினால் 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, மறுபக்கம் 145 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா. நானே துளை போட்டு, எஸ்ஓ-239 கனெக்டர்களைத் திருகி, உள்ளே ஆர்ஜி-58 கேபிளைச் சால்டர் பண்ணினேன். மல்டிமீட்டரில் பார்த்தேன். பீப் வர வேண்டிய இடத்தில் பீப், வரக்கூடாத இடத்தில் அமைதி. டெஸ்ட் பாஸ். சாஃப்ட்வேர்க்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

7-ல் எல்லாம் சரி. 145-ல் எஸ்டபிள்யூஆர் இரண்டுக்கு மேல் நின்றது. ஆன்டெனா கம்பி நீளம் ஜாஸ்தி போல என்று நினைத்து மொட்டைமாடி ஏறி, 49 செ.மீ. கம்பியை அரை அரை சென்டிமீட்டராக நறுக்கினேன். அளவு கொஞ்சம் இறங்கியது, அப்புறம் திரும்ப ஏறியது. கம்பி 46 செ.மீ.க்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டு மீட்டரை நேராக ஆன்டெனாவுக்குக் கொடுத்தால், ஆன்டெனா 155 பக்கம் போய் நிற்கிறது! நல்லா இருந்த ஆன்டெனாவை நான்தான் கெடுத்திருக்கிறேன். தப்பு பெட்டிக்குள் இருந்தது.

என்ன தப்பு? கோஆக்ஸ் கேபிளில் நடுவே ஒரு கம்பி, சுற்றிலும் பிளாஸ்டிக், அதைச் சுற்றிச் செம்புப் பின்னல். பின்னலும் கம்பியும் ஒரே சீரான இடைவெளியில் போவதால்தான் அது 50 ஓம் கேபிள். நான் பின்னலைப் பிரித்து, முறுக்கி, மூன்று சென்டிமீட்டர் வாலாக்கி, கனெக்டரின் மூலைத் திருகில் கட்டியிருந்தேன். அந்த மூன்று சென்டிமீட்டருக்கு அது கோஆக்ஸ் இல்லை, வெறும் ஒயர்.

ஒயருக்கு மில்லிமீட்டருக்குச் சுமார் 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 30 மி.மீ. என்றால் 30 நானோஹென்றி. 7 மெகாஹெர்ட்ஸில் இதன் எதிர்ப்பு 1.3 ஓம், கண்டுக்கவே வேண்டாம். 145-ல் அதே வால் 27 ஓம். 50 ஓம் வழியில் தொடராக 27 ஓம் உட்கார்ந்தால், ஆன்டெனா எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எஸ்டபிள்யூஆர் 1.7 ஆகிவிடும். என் பெட்டியில் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு வால். மல்டிமீட்டர் பார்ப்பது டிசி. அதற்கு இது எதுவும் தெரியாது.

இந்த வகை கனெக்டருக்கு 'யூஎச்எஃப்' என்று பேர். 1930களில் வந்தது. அப்போது 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினாலே யூஎச்எஃப்தான். பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆனா 145-க்கு இது தாராளமாகப் போதும், ஒழுங்காகச் சால்டர் பண்ணினால்.

இரண்டாம் முறை நான் செய்தது இப்படி.

முதலில், பெட்டியில் மாட்டுவதற்கு முன்பே சால்டரிங். மாட்டிய பிறகு செய்தால் பெட்டி மொத்தச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும், ஈயம் உருண்டையாக நிற்கும்.

பின்னலை முறுக்கவில்லை. கனெக்டரின் பின்பக்கத்தை மூடுகிற புனல் மாதிரியான உலோகத் தொப்பி கிடைக்கும். பின்னலை அதன் கழுத்தைச் சுற்றி முழுக்கச் சால்டர் பண்ணினேன். தொப்பியும் கனெக்டரும் அதே திருகுகளில் இறுகும். நடுக்கம்பி கடைசி வரை உறைக்குள்ளேயே போகிறது. தொப்பி கிடைக்கவில்லை என்றால் பின்னலை இரண்டாகப் பிரித்து, எதிரெதிர் திருகுகளில் வளைய லக் வைத்து, முடிந்த அளவு குட்டையாகக் கட்டலாம். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டாது, அதனால் லக்தான் வழி. பெயின்டைச் சுரண்டி, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்க வேண்டும்.

நடு ஊசியின் பின்னால் ஒரு குழி இருக்கும். முன்பக்கம் ஒரு பழைய பிஎல்-259 பிளக்கைத் திருகி வைத்துக்கொண்டால், கனெக்டரின் பிளாஸ்டிக் சூட்டில் இளகினாலும் ஊசி சாயாது. கேபிளுக்குள் இருக்கும் பாலிஎத்திலீன் 100 டிகிரியைத் தாண்டினாலே இளகும், ஈயம் உருகுவதோ 183-க்கு மேல். அதனால் சின்ன முனையை வைத்துப் பொறுமையாகச் சூடேற்றுவதுதான் ஆபத்து. பெரிய முனை, நல்ல சூடு, சில நொடிகளில் வேலை முடிய வேண்டும். ஆறும் வரை கேபிளை வளைக்கக் கூடாது. வளைத்தால் இளகிய பிளாஸ்டிக்குக்குள் நடுக்கம்பி பின்னல் பக்கம் நகரும். அன்றைக்கு மல்டிமீட்டர் ஒன்றும் சொல்லாது, என்றைக்காவது ஷார்ட் ஆகும்.

கடைசியாக டெஸ்ட். ஆன்டெனா இடத்தில் 50 ஓம் டம்மி லோடு போட்டு, பயன்படுத்தப் போகிற அதிகபட்ச அலைவரிசையில் எஸ்டபிள்யூஆர் பார்த்தேன். 1.1. இதை முதல் நாளே செய்திருந்தால் மொட்டைமாடிக்கே போயிருக்க மாட்டேன்.

பீப் டெஸ்ட் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விக்கு அது சரியாகத்தான் பதில் சொன்னது, கேள்விதான் வேறு. இப்போது புதுக் கம்பி போட்டாச்சு, 49 செ.மீ. நறுக்குகிற எண்ணம் வந்தால், முதலில் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.