கரையிலிருந்து தெரியும் தூரம்

சென்னை பெசன்ட் நகர் மணலில் நிற்கும் ஒருவரின் கண்ணுக்குக் கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வரைதான் தெரியும். அதற்கு அப்பால் போகும் படகின் அடிப்பாகம் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடும்; கூரையும் கொடிக்கம்பும் மட்டும் மிதப்பதுபோல் இருக்கும். விசைப்படகு ஒன்று தண்ணீரைத் தொடும் இடம்வரை முழுசாகத் தெரிந்தால், அது வரக் கூடாத இடத்துக்கு வந்திருக்கிறது என்று பொருள். ஜனவரி விடியலில் ஊரூர் குப்பத்துப் பக்கம் நடக்கும்போது அப்படிப்பட்ட படகுகளைப் பார்த்திருக்கிறேன்.

1970களின் இறுதியில் இதே கரையோரக் கடலில் கட்டுமரக்காரர்களுக்கும் இழுவைப் படகுக்காரர்களுக்கும் சண்டை மூண்டது. கட்டுமரத்தின் வலையை விசைப்படகின் இழுவை வலையான மடி அறுத்துக்கொண்டு போகும். வலை போனால் அந்தக் குடும்பத்துக்குப் பல மாதப் பிழைப்பு போயிற்று. படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அதன் பிறகுதான் 1983இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது: கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டர், விசைப்படகுக்கு இல்லை. மீனைக் காப்பதைவிடச் சண்டையை நிறுத்துவதே அந்தச் சட்டத்தின் முதல் நோக்கம் என்பது என் எண்ணம். அன்றாடக் காவலை நொச்சிக்குப்பம் போன்ற ஊர்களின் பஞ்சாயத்துதான் பார்த்துக்கொண்டது. எந்த வலை போடலாம், எது கூடாது என்று ஊர் கூடிச் சொன்னால் அதுதான் கட்டுப்பாடு. மீறினால் அபராதம். ஆனால் காசிமேடு துறைமுகத்து விசைப்படகு ஊரூர்ப் பஞ்சாயத்துக்குக் கட்டுப்படாது. சட்டத்தின் துணை அங்கேதான் தேவைப்பட்டது.

இதே கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கு அன்றைக்கு ஆபத்து மணலில் இருந்தது. முட்டை திருடுவோர், நாய்கள். 1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளை எடுத்துக் காத்தார்கள். 1988 முதல் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு அந்த நடையைத் தொடர்கிறது. நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை வருடாவருடம் இளைஞர்கள் தூக்கம் விட்டு நடக்கிறார்கள்.

இன்று ஆபத்து கடலுக்குள் போய்விட்டது. ஆமை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். இழுவை மடிக்குள் மாட்டினால் மூழ்கிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னையிலும் அடுத்த மாவட்டங்களிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. முட்டையிட வந்த தாய் ஆமைகள் கண் பிதுங்கிக் கழுத்து வீங்கிக் கிடந்த அந்தக் காலைகளை இந்தக் கரையில் நடப்பவர்கள் மறக்க மாட்டார்கள்.

விதி இல்லாமல் இல்லை. இப்போது விசைப்படகுக்கான எல்லை 5 கடல் மைல். 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம் 2017இலிருந்து 61 நாள். ஆனால் அது தொடங்குவது ஏப்ரல் 15இல். ஆமைகள் கரைக்கு வருவது ஜனவரி முதல் மார்ச் வரை. தடை பிறக்கும்போது தாய் ஆமைகளில் பெரும்பாலானவை முட்டையிட்டுப் போயிருக்கும். எனவே அந்த மூன்று மாதமும் ஆமைக்கு இருக்கும் ஒரே அரண் அந்த 5 கடல் மைல்தான்.

கண்காணிப்புக் கருவிகளோ பெருகிவிட்டன. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மெரினா கலங்கரை விளக்கத்தில் ரேடார் ஏறியது. இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கிவைக்கப்பட்டது. புயல் எச்சரிக்கையும் ஆபத்து அழைப்பும் அதன் வழியே போய்வரும். ஒக்கி புயலில் ஆட்களை இழந்த கடலோரத்துக்கு அதன் அருமை தெரியும். இருந்தும் இந்தக் கண்கள் பெரும்பாலும் வெளியே, நாட்டின் எல்லையைப் பார்த்தே வைக்கப்பட்டவை: யார் உள்ளே வருகிறார்கள், நம் படகு எல்லை தாண்டுகிறதா என்று. காலடியில், ஐந்து கடல் மைலுக்குள் நடப்பதைப் பார்க்க அதே அக்கறை இல்லை.

விசைப்படகுக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. ஆழ்கடலில் மீன் குறைந்து, டீசல் செலவு ஏறியபின், இறால் இருக்கும் கரையோரம் அவரை இழுக்கிறது. அதனாலேயே மானிய டீசலை நிறுத்துவது எந்த அபராதத்தையும்விட அவருக்கு உறைக்கும். மடியில் ஆமை தப்பிக்க வழிவிடும் கருவியைப் பொருத்தினால் கொஞ்சம் மீனும் போகும் என்கிறார்கள். அந்தக் கொஞ்சத்துக்கு அரசு ஈடு கொடுக்கலாம். அந்தக் கருவி இல்லாததால்தான் அமெரிக்கா நம் கடலில் பிடித்த இறாலை வாங்குவதில்லை.

ஒவ்வொரு விசைப்படகின் பக்கவாட்டிலும் பதிவு எண் எழுதியிருக்கிறது. சென்னைப் படகானால் ஐஎன்டி-டிஎன்-02-எம்எம் என்று தொடங்கும். கரையில் நிற்கும் எனக்கு அது தெரியாது. விடியற்காலையில் பக்கத்திலேயே வலை விட்டுக் காத்திருக்கும் ஃபைபர் படகுக்காரருக்குத் தெரியும். அவர் கையிலும் செல்போன் இருக்கிறது. அவர் எடுக்கும் படம், நந்தனத்தில் இருக்கும் மீன்வளத் துறை அலுவலகத்தில் அன்றைக்கே ஆதாரமாக ஏற்கப்பட வேண்டும்.