கணினிகள் எப்படி ஒரே நேரம் காட்டுகின்றன?

கணினிக்குள் நேரத்தைக் கணக்கிடுவது ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம். வெப்பநிலை மாறினால் அதன் துடிப்பும் மாறும். நாளொன்றுக்கு ஓரிரு வினாடி பிசகுவது சாதாரணம். வீட்டுக் கணினி என்றால் கவலையில்லை. வங்கியின் நூறு கணினிகள் நூறு நேரம் காட்டினால், பணம் திருடு போன அன்று எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும்.

இதற்காக அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1980களில் வடிவமைத்ததுதான் என்.டி.பி. அணுக் கடிகாரத்தைப் பின்பற்றும் சர்வரிடம் நம் கணினி நேரம் கேட்கிறது. பதில் வந்து சேர்வதற்குள் அந்த நேரம் பழசாகிவிடுமே? அதனால் கேள்வி புறப்பட்டது, சர்வரை அடைந்தது, பதில் புறப்பட்டது, வந்து சேர்ந்தது என நான்கு நேரங்களும் குறிக்கப்படுகின்றன. போகவும் வரவும் ஒரே அளவு நேரம் பிடித்ததாக வைத்துக்கொண்டு பிசகு கணக்கிடப்படுகிறது. (எப்போதும் அப்படி இருப்பதில்லை, சிறு தவறு மிஞ்சுவது இதனால்தான்.) பிசகு சிறிதென்றால் முள்ளைத் திருப்புவது போல் மாற்றாமல், கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ சரிசெய்கிறது. நேரம் பின்னோக்கித் தாவினால் பதிவுகள் குழம்பிவிடும் அல்லவா!

நம் மொபைலில் தானியங்கி நேரத்தை அணைத்து வைத்தால், 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆத்தென்டிகேட்டர் எண் ஏற்கப்படாமல் போகலாம். பாங்கு சொல்லும் ஆப்பும் அதே கடிகாரத்தைத்தான் பார்க்கிறது.