இருதயம் சீர், இறுக்கம் எதனால்?

மார்பின் நடுவே பாரம் ஏற்றியது போன்ற இறுக்கம் தோன்றினால் எவரும் முதலில் அஞ்சுவது இருதயத்தைப் பற்றியே. வைத்தியரும் அதனையே முதலில் ஆராய்கின்றார். இருதய மின்வரைபு எடுக்கின்றார். இருதயத் தசை சேதமுற்றதா என அறியக் குருதியைச் சோதிக்கின்றார். வேண்டுமாயின் நோயாளியை நடக்கச் செய்தும் பார்க்கின்றார். முடிவுகள் யாவும் சீராக இருப்பின் வீட்டார் மகிழ்கின்றனர். ஆனால் மறுவாரமும் இறுக்கம் வருகின்றது. பரிசோதனையை நம்புவதா, தம் உடல் கூறுவதை நம்புவதா என நோயாளி தடுமாறுகின்றார்.

இரண்டையும் நம்பலாம். இருதயத்தில் குறை உண்டா என்பது ஒரு வினா. இறுக்கம் எதனால் என்பது மற்றொரு வினா. முன்னதற்கு விடை கிடைத்ததனால் பின்னது தீர்ந்துவிடுவதில்லை.

இருதயம், உணவுக்குழாய், மார்புச்சுவர் ஆகியவற்றிலிருந்து வரும் உணர்ச்சி நரம்புகள் முண்ணாணின் ஏறத்தாழ ஒரே பகுதிகளைச் சென்றடைகின்றன. ஆகவே வேதனை எங்கே பிறந்தது என்பதை மூளை எளிதிற் பிரித்தறிய இயலாது. இரைப்பையின் அமிலம் மேலெழுந்தால் உணவின் பின்னும் படுக்கும்போதும் இறுக்கம் மிகும். விலா எலும்பின் மூட்டுகள் அழற்சியுற்றால் விரலால் அழுத்தும்போது நோகும். தொய்வு நோயாயின் இரவிலோ விடியலிலோ இருமலும் இழுப்பும் கூடும். அச்சத்தால் மூச்சு விரைந்தோடினால் விரல் நுனிகள் விறைக்கும்.

இவ்வாராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. நடக்கையில் வந்து, நின்றவுடன் தணியும் நெஞ்சு வேதனையை ஆங்கில வைத்தியர் ஹெபர்டன் 1772 இல் வெளிவந்த கட்டுரையில் விவரித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்கள் பலர் நெஞ்சு நோவும் படபடப்பும் உற்றபோதும் அவர்தம் இருதயத்தில் உறுப்புச் சிதைவு தென்படவில்லை. அவர்களைப் பாசாங்குக்காரர் என ஒதுக்காது ஆராய்ந்த டா கொஸ்டா, தம் முடிவுகளை 1871 இல் வெளியிட்டார். இருதய நாடி திடீரெனச் சுருங்குவதால் ஓய்விலும் வேதனை வரும் என்பதை 1959 இல் பிரின்ஸ்மெட்டலும் அவருடன் ஆய்ந்தோரும் விளக்கினர். சாயம் செலுத்தி எடுக்கும் நாடிப்படத்தில் பெரிய நாடிகளே தெளிவாகத் தெரியும். நுண்ணிய நாடிகளின் குறை அதிற் புலப்படாது. அக்குறை பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றது. அதற்கெனத் தனிச் சோதனைகள் இன்று உள்ளன.

மருந்தினால் வரும் ஆறுதலும் மயக்கந் தரவல்லது. நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை உணவுக்குழாயின் பிடிப்பையும் தளர்த்தும். ஆதலின், அதனால் நோவு தணிந்தது என்பதைக் கொண்டு இருதய நோயே என்று துணிதல் தவறு. அமிலத்தைத் தணிக்கும் மருந்து உண்டபின் நோவு குறைந்தமையால் இருதயத்துக்குத் தீங்கில்லை எனக் கொள்வது அதனினும் பெருந்தவறு. இஞ்சியும் ஓமமும் உண்டு "வெறும் வாயு" என்று மாதக்கணக்கிற் காலங்கழிப்போர் இதனை நினைவிற் கொள்ளல் நன்று.

பரிசோதனைக் கருவிகளுக்கு எட்டாத செய்தியை நோயாளி தாமே தரமுடியும். இறுக்கம் எப்பொழுது வந்தது, எத்தனை நிமிடம் நீடித்தது, அவ்வேளை ஏறினாரா, உண்டாரா, படுத்தாரா, எதனால் தணிந்தது என்பவற்றை இரண்டு கிழமைகள் குறித்து வைத்து, பழைய அறிக்கைகளுடன் வைத்தியரிடம் கொடுத்தல் வேண்டும். "இருதயம் இல்லையெனில் அடுத்து எதனை ஆராய்வது?" என்று கேட்பது வைத்தியரை ஐயுறுவதாகாது, அவருக்குத் துணைபுரிவதேயாகும்.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. பழைய பரிசோதனை அன்றைய நிலையையே காட்டும். வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வேதனை ஆகியவற்றுடன் இறுக்கம் வந்தாலும், வழமைக்கு மாறாக நீடித்தாலும், சீரான அறிக்கை பெட்டியில் இருக்கின்றதென்று வீட்டிலிருத்தல் ஆகாது. இலங்கையில் 1990 என்னும் இலக்கத்தை அழைத்து உடனே வைத்தியசாலை செல்லல் வேண்டும்.