அபேட்சையும் அருகதையும்

ஒரு காலத்தில் நம் தேர்தல் சுவரொட்டிகளில் பெருவழக்காக இருந்து, பின்னர் 'வேட்பாளர்' என்ற சொல்லுக்கு இடம் விட்டு ஒதுங்கிவிட்ட 'அபேட்சகர்' என்னும் வடசொல்லில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. அபேட்சை என்றால் விருப்பம். பதவியை விரும்புகிறவர் அபேட்சகர். வேட்பாளர் என்ற தமிழ்ச் சொல்லும் வேட்கையைத்தான் சொல்கிறது. விரும்புகிறவருக்கு அருகதை உண்டா என்பதைப் பற்றி இரண்டு சொற்களும் வாய் திறப்பதில்லை. அதைக் கேட்கவேண்டிய பொறுப்பு அவரை நிறுத்துகிற கட்சியைச் சேர்ந்தது. கட்சிக்காரர்கள் அதை எவ்வாறு கேட்கிறார்கள், எதை அளந்துவிட்டு எதை அளந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு, அமெரிக்காவின் குடியரசுக் கட்சி 1860-ஆம் ஆண்டு மே மாதம் சிகாகோ நகரில் கூட்டிய மாநாட்டைப் போல் விளக்கமான திருஷ்டாந்தம் வேறொன்று எனக்குத் தோன்றவில்லை.

மாநாட்டுக்கென்றே எழுப்பிய 'விக்வாம்' என்ற பிரம்மாண்டமான மரக் கொட்டகைக்குள் பிரதிநிதிகள் நுழைந்தபோது, ஜனாதிபதிப் பதவிக்குக் கட்சி நிறுத்தப்போகிறவர் நியூயார்க்கின் வில்லியம் ஸீவார்ட் என்பதில் பலருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அவர் கவர்னராக இருந்தவர். செனட் சபையில் அடிமை முறைக்கு எதிராக ஓங்கி ஒலித்த குரல் அவருடையது. கட்சியின் மூளை என்று அவரைச் சொல்வதும் மிகையாகாது. அவருடைய சொந்த ஊரான ஆபர்னில் வெற்றிச் செய்தி வந்தவுடன் வெடிப்பதற்காகப் பீரங்கி ஒன்றைக்கூடத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். எதிரே நின்றவர்களுள் இல்லினாய் மாகாணத்து வக்கீல் ஆபிரகாம் லிங்கன் ஒருவர். ஒரே ஒரு தடவை இரண்டு ஆண்டுகள் காங்கிரஸில் உட்கார்ந்ததும், செனட் பதவிக்கு இருமுறை முயன்று இருமுறையும் தோற்றதும் தவிர, பதவி வரலாறு என்று சொல்லிக்கொள்ள அவரிடம் அதிகம் இல்லை.

மே 18, வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. வெற்றிக்கு 233 வாக்குகள் வேண்டும். முதற் சுற்றில் ஸீவார்டுக்கு 173½, லிங்கனுக்கு 102. இரண்டாம் சுற்றில் ஸீவார்ட் 184½, லிங்கன் 181. மூன்றாம் சுற்று முடிந்தபோது லிங்கன் 231½-இல் நிற்க, ஒஹாயோ மாகாணத்தார் நான்கு வாக்குகளை மாற்றிப் போட, கொட்டகை அதிர்ந்தது. அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் சூதும் உண்டு. போலி அனுமதிச் சீட்டுகளை அச்சிட்டு, ஸீவார்டின் ஆட்களுக்கு இடமில்லாதபடி உரத்த குரலுடைய உள்ளூர்க்காரர்களைக் கொண்டு கொட்டகையை நிரப்பியிருந்தார்கள் லிங்கனின் நண்பர்கள். மகாபுருஷர்களின் சரித்திரத்தில் இத்தகைய விவரங்களை மறைத்துவிடுவது நம்மிடையே வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை.

அந்தப் பிரதிநிதிகள் லிங்கனிடம் கண்டது தலைமைக் குணமா? பெரும்பாலோர் கண்டது கணக்கைத்தான். 1856-இல் கட்சி இழந்த பென்ஸில்வேனியா, இந்தியானா, இல்லினாய் முதலிய மாகாணங்களை இம்முறை பிடிக்காவிட்டால் வெற்றியில்லை. அங்கே ஸீவார்டின் தீவிரமான பிரசங்கங்கள் மிதவாதிகளை மிரட்டி வைத்திருந்தன. நெடுங்காலம் முன்னணியில் நின்ற மனிதருக்கு நெடுங்காலத்துப் பகைகளும் சேர்ந்திருந்தன. பழைய நண்பரான பத்திரிகாசிரியர் ஹோரேஸ் க்ரீலியே பிரதிநிதியாக வந்து உட்கார்ந்து அவருக்கு எதிராக வேலை செய்தார். லிங்கனுக்கோ அத்தகைய பகைவர்கள் இல்லை. மிகப் பலருக்கு முதல் விருப்பமாக இல்லாவிட்டாலும் பலருக்கு இரண்டாம் விருப்பமாக இருப்பதே தமக்குப் போதும் என்று அவரே கணித்து, யாரையும் புண்படுத்தாமல் நடந்துகொள்ளும்படி தம்மவர்களுக்கு எழுதியிருந்தார்.

ஆனால் அந்தக் கொட்டகையில், கணக்கோடு வேறொன்றையும் அறிந்த மனிதர் ஒருவர் இருந்தார். மாநாட்டைச் சிகாகோவுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர், நியூயார்க் பிரதிநிதிகளை ஊசலாடும் பென்ஸில்வேனியர்களிடமிருந்து எட்ட உட்காரவைத்தவர், எழுந்து லிங்கனின் பெயரைப் பிரேரேபித்தவர் எல்லாம் அவரே. பெயர் நார்மன் ஜட். ஐந்தாண்டுகளுக்கு முன் லிங்கனைத் தோற்கடித்தவர்களில் அவர் ஒருவர் என்பதுதான் இதிலுள்ள விசேஷம்.

அந்தக் காலத்தில் செனட் அங்கத்தினரை மாகாணச் சட்டசபையே தேர்ந்தெடுக்கும். மக்கள் நேராக வாக்களிக்கும் முறை 1913-இல்தான் வந்தது. 1855 பிப்ரவரியில் ஸ்ப்ரிங்ஃபீல்டில் நடந்த தேர்தலில் முதற் சுற்றில் லிங்கன் 44 வாக்குகளுடன் முன்னணியில் நின்றார். லைமன் ட்ரம்புலுக்கு ஐந்தே ஐந்து. அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவக்கூடாது என்பதில் இருவரும் ஒரே பக்கம்தான். ஆயினும் ஜட் உள்ளிட்ட அந்த ஐவரும் ஜனநாயகக் கட்சியில் வளர்ந்தவர்களாதலால், விக் கட்சிக்காரரான லிங்கனுக்கு வாக்களிக்க மனம் ஒப்பவில்லை. சுற்றுக்கு மேல் சுற்றாக வாக்கெடுப்பு நீள, லிங்கனின் ஆதரவு கரைந்தது. எதிர்த்தரப்பார் கவர்னர் மாட்டசனைப் புதிதாக நிறுத்தி வெற்றியின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். அப்போது லிங்கன், தம்மிடம் எஞ்சியிருந்தவர்களை அழைத்து, உடனே ட்ரம்புலுக்கு வாக்களித்துவிடும்படி சொன்னார். நாற்பத்துநான்கு பேர் ஐவருக்காக விட்டுக்கொடுப்பதா என்று நண்பர்கள் கொதித்தார்கள். கொள்கை தோற்பதைவிடத் தாம் தோற்பது மேல் என்பது அவர் முடிவு. பத்தாம் சுற்றில் ட்ரம்புல் 51 வாக்குகளுடன் வென்றார். லிங்கனின் மனைவி மேரி, ட்ரம்புலின் மனைவியும் தமக்கு ஆருயிர்த் தோழியுமான ஜூலியாவுடன் அதற்குப் பின் பேச்சையே முறித்துக்கொண்டார். லிங்கனோ ட்ரம்புலுடனும் ஜட்டுடனும் உறவைப் பேணிக்கொண்டார். 1860-இல் அந்த இருவருமே அவர் பக்கம்.

ஒருவருடைய தலைமையை அவர் வென்ற பிரசங்க மேடைகளில் தேடுகிறோம். தம் கையில் இருந்ததைப் பிறருக்குக் கொடுக்க நேர்ந்த நாளில் அவர் எப்படி இருந்தார் என்பதை அறிந்தவர்கள் சிலர்தான் இருப்பார்கள்; அவர்களுடைய சாட்சியத்துக்கு வாக்குச் சீட்டில் தனி இடம் கிடையாது. 1855-ஐ நேரில் கண்டவருக்கு, ஜனாதிபதியான லிங்கன் தம்மோடு போட்டியிட்ட ஸீவார்ட், சேஸ், பேட்ஸ், காமெரன் நால்வரையும் மந்திரி சபையில் சேர்த்துக்கொண்டது வியப்பாக இருந்திருக்காது. அவர்களுள் தாமே ஆட்சியை நடத்தலாம் என்ற எண்ணத்தோடு வந்த ஸீவார்ட், சில மாதங்களுக்குள்ளேயே தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், எங்கள் எல்லோரிலும் சிறந்தவர் ஜனாதிபதிதான் என்னும் கருத்தை எழுதிவிட்டார்.

பகைவர் இல்லாமை ஒரு நல்ல அடையாளம் என்று இதிலிருந்து யாரும் கொள்ள வேண்டாம். அதே சிகாகோவில் 1920-இல் அதே கட்சி பத்தாம் சுற்றில் தேர்ந்தெடுத்த வாரன் ஹார்டிங்குக்கும் பகைவர்கள் இல்லை. எதிலும் எவரையும் எதிர்த்து நில்லாததால் இல்லை. பார்ப்பதற்கு ஜனாதிபதியைப் போலவே இருந்தார் என்பது அவருக்குச் சாதகமாகச் சொல்லப்பட்ட பெரிய நியாயங்களில் ஒன்று. அவருடைய மந்திரி ஆல்பர்ட் ஃபால் எண்ணெய் நிலக் குத்தகை ஊழலில் சிறை சென்றார்.

அறிவாளிகள் கணித்தால் மட்டும் பிழை நேராதா என்றால், நேரும். 1932-இன் தொடக்கத்தில் வால்ட்டர் லிப்மன், அக்காலத்து அமெரிக்கப் பத்திரிகை உலகின் தலைசிறந்த மூளை, ஃப்ராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை, பதவிக்குரிய முக்கியமான தகுதி எதுவுமின்றி அதன்மேல் ஆசை மட்டும் உடைய இனிய மனிதர் என்ற பொருள்பட எழுதினார். அபேட்சகர் என்ற நம் சொல்லுக்கு அதைவிடத் துல்லியமான வியாக்கியானம் கிடையாது. ஆனால் 1921-இல் இளம்பிள்ளை வாதம் கால்களைப் பறித்த பின்பும் ஏழாண்டுகள் போராடி நியூயார்க் கவர்னராக எழுந்த அந்த மனிதரின் வைராக்கியம் லிப்மனின் தராசில் ஏறவில்லை.

1968-இல் முன்தேர்தல் எதிலும் போட்டியிடாமலே ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரி ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராகி, மாநாட்டுக்கு வெளியே சிகாகோ வீதிகளில் இரத்தம் சிந்திய பிறகு, விதிகள் மாறின. அதிகாரம் மாநாட்டுத் தரகர்களிடமிருந்து, 'பிரைமரி' என்னும் முன்தேர்தலில் வாக்களிக்கும் இலட்சக்கணக்கானவர்களிடம் சென்றது. அது நியாயமே, ஹார்டிங்கைக் கொடுத்த தரகர்களின் அறைகளுக்காகக் கண்ணீர் விடுவதற்கில்லை. ஆயினும் ஜட்டைப் போல வேட்பாளரை அருகிலிருந்து பார்த்த சகாக்களுக்கும் குரல் வேண்டுமென்று கருதி, அந்தக் கட்சி 1984 முதல் தன் முதியவர்களையும் பதவியில் உள்ளவர்களையும் 'சூப்பர் டெலிகேட்' என்ற பெயரில் மாநாட்டில் உட்கார வைத்தது. அதற்கும் எதிர்ப்பு வலுக்க, போட்டி தீராத மாநாடுகளில் அவர்கள் முதற் சுற்றில் வாக்களிக்கலாகாது, இரண்டாம் சுற்று முதல் வாக்களிக்கலாம் என்று 2018-இல் திருத்தினார்கள். இரு பெருங்கட்சிகளின் மாநாடுகளிலும் ஜனாதிபதி வேட்பாளருக்காக இரண்டாம் சுற்று ஒன்று கடைசியாக நடந்தது 1952-ஆம் ஆண்டில்.