புள்ளிராஜாவுக்கு வாடகைக்கு வீடு கிடைக்குமா? எச்.ஐ.வி-யும் நாம் காட்டும் ஒதுக்கமும்

2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி மறந்திருக்காது. 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' எங்கு திரும்பினாலும் இதே விளம்பரம்தான். 'யாருப்பா அந்தப் புள்ளிராஜா?' என்று ஊரே பேசியது. எய்ட்ஸ் என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலத்தில் அது பெரிய விஷயம்.

ஆனால் அந்த விளம்பரம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. சரி, வந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். அப்புறம்? ஹவுஸ் ஓனர் அவருக்கு வீடு கொடுப்பாரா? ஆபீஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் அவரோடு சாப்பிடுவாரா?

ஒரு மாவட்டம், இரண்டு பேர்

2018 டிசம்பர். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்.ஐ.வி இருந்தது தெரியவந்தது. ரத்தப் பரிசோதனையில் நடந்த கவனக்குறைவு தமிழ்நாட்டையே அதிரவைத்தது.

அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் ஓர் இளைஞர். தனக்குத் தொற்று இருப்பது தெரியாமலேயே தானம் செய்தவர். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில்தான் அவருக்கே அது தெரிந்தது. தன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடக் கூடாது என்ற எண்ணத்தில், தகவல் சொல்லப்பட்டது. அதற்குள் தாமதமாகிவிட்டது.

செய்தி வெளியே வந்த சில நாள்களில் அந்த இளைஞர் தற்கொலைக்கு முயன்று உயிரிழந்தார்.

எச்.ஐ.வி அவரைக் கொல்லவில்லை. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளோடு அவர் பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்க முடியும். உண்மையைச் சொன்ன ஒருவருக்கு, சொன்ன பிறகு வாழ்வதற்கு இடம் இருக்கிறது என்ற நம்பிக்கையை நாம் கொடுத்திருந்தோமா என்பதுதான் கேள்வி.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், அவரது மாணவி நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி-யில் நடந்த பரிசோதனையில் தொற்று உறுதியானது.

அன்றைக்குச் சிகிச்சை எதுவும் இல்லை. எய்ட்ஸ் என்றால் மரணம். அதோடு, முதலில் கண்டறியப்பட்டது பாலியல் தொழிலாளர்களிடம் என்பதால், நோயின் மேல் 'ஒழுக்கம்' என்ற முத்திரையும் சேர்ந்துகொண்டது. மரண பயமும் ஒழுக்கத் தீர்ப்பும் சேர்ந்த கலவைதான் இன்றுவரை தொடரும் ஒதுக்கம்.

இதன் இன்னொரு முகம், இரக்கத்திலேயே பாகுபாடு. ரத்தம் மூலம் வந்தால் 'பாவம்'. கணவரிடமிருந்து வந்தால் 'ஐயோ, அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா'. மற்றபடி வந்தால் 'தேவைதான்'. வைரஸ் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. சிகிச்சையும் அப்படித்தான்.

திருமணத்தின் மூலம் தொற்றுக்கு ஆளான கௌசல்யா, 1998-ல் சென்னையில் எச்.ஐ.வி-யோடு வாழும் பெண்களுக்கான 'பாசிட்டிவ் வுமன் நெட்வொர்க்' அமைப்பைத் தொடங்கினார். முகத்தை மறைக்காமல் வெளியே வந்து பேசிய அவரைப் போன்றவர்களால்தான், 'யாருக்கு வரும்' என்ற கற்பனை கொஞ்சமாவது உடைந்தது.

இப்போ நிலைமை என்ன?

இந்தியாவில் எச்.ஐ.வி-யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். நம் ஆபீஸில், அபார்ட்மென்ட்டில், உறவுக்குள்ளும் அவர்கள் இருக்கலாம்.

எச்.ஐ.வி என்பது வைரஸ். அது நோய் எதிர்ப்பு சக்தியைப் பல ஆண்டுகள் அரித்த பிறகு வரும் கடைசி நிலைதான் எய்ட்ஸ். சரியான நேரத்தில் சிகிச்சை தொடங்கினால் அந்த நிலைக்கே போக வேண்டியதில்லை.

அந்தச் சிகிச்சையின் பெயர் ஏ.ஆர்.டி. வைரஸ் உடலுக்குள் தன்னைப் பெருக்கிக்கொள்வதை இது தடுக்கிறது. 2004 ஏப்ரல் முதல் அரசு இதை இலவசமாகத் தருகிறது. பெரும்பாலானோருக்கு இப்போது நாளொன்றுக்கு ஒரே ஒரு மாத்திரைதான்.

தொடர்ந்து எடுத்தால், ரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவாது. 2019-ல் 'லான்செட்' இதழில் வெளியான 'பார்ட்னர் 2' ஆய்வு, ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாத சுமார் 780 ஆண் இணையர்களைக் கவனித்தது. அவர்கள் ஆணுறை பயன்படுத்தவில்லை. சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து பரவிய தொற்றுகளின் எண்ணிக்கை: 0.

தாயிடமிருந்து குழந்தைக்கு? சிகிச்சையே இல்லாவிட்டால் வாய்ப்பு 15 முதல் 45 சதவிகிதம். முறையான சிகிச்சை இருந்தால் 5 சதவிகிதத்துக்கும் கீழ்.

கைகுலுக்குவது, ஒரே தட்டில் சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே கழிப்பறை, கொசுக்கடி... இவற்றால் பரவவே பரவாது.

சட்டம் என்ன சொல்கிறது?

எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. அதில் முக்கியமானவை:

• வேலை, படிப்பு, மருத்துவம், வாடகை வீடு ஆகியவற்றில் எச்.ஐ.வி-யைக் காரணம் காட்டிப் பாகுபாடு காட்டக் கூடாது.

• வேலையில் சேர்வதற்கு எச்.ஐ.வி பரிசோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது. பரிசோதனைக்கு அவரவர் சம்மதம் வேண்டும்.

• தனக்குத் தொற்று இருப்பதை வெளியே சொல்லும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்த முடியாது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் தவிர.

• 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் இதற்கென ஒரு புகார் அதிகாரி இருக்க வேண்டும்.

• தொற்று உள்ளவர்கள் மீது வெறுப்பைத் தூண்டும்படி பேசினாலோ எழுதினாலோ 3 மாதம் முதல் 2 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாட்ஸ்அப் ஃபார்வர்டு செய்யும் முன் இதை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

சட்டத்தால் முடியாத இடம்

டிபன் பாக்ஸை யாரும் நம் பக்கம் நீட்டாமல் போவதை எந்த அதிகாரியிடம் புகார் செய்வது? வீடு காலியில்லை என்று ஓனர் சொல்லும் பொய்யை எப்படி நிரூபிப்பது? ஒதுக்கம் பெரும்பாலும் இப்படித்தான், சாட்சி இல்லாமல் நடக்கிறது.

அதன் விலை எல்லோருக்கும்தான். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயத்தில் பரிசோதனைக்குப் போகாதவர், தனக்குத் தொற்று இருப்பதே தெரியாமல் இருப்பார். மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்குபவர் சில நாள் விட்டுவிடுவார். வைரஸ் மீண்டும் பெருகுவதற்கு அது போதும்.

நண்பர் ஒருவர் உங்களிடம், 'எனக்கு எச்.ஐ.வி இருக்கு' என்று சொன்னால், முதலில் வாயில் வரும் கேள்வி 'எப்படி வந்துச்சு?' என்பதாகத்தான் இருக்கும். அதைக் கேட்காதீர்கள். அந்தப் பதிலால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. 'மாத்திரை ஒழுங்கா எடுக்கிறியா? சாப்பிட்டியா?' என்று கேளுங்கள். அவர் சொன்னதை மூன்றாவது ஆளிடம் சொல்லாதீர்கள்.

பிறகு, மதியம் எப்போதும்போல பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

(எச்.ஐ.வி பரிசோதனை, சிகிச்சை பற்றிய சந்தேகங்களுக்கு 1097 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். தற்கொலை எண்ணம் எழுந்தால், மனநல ஆலோசனைக்கு 14416 அல்லது 104 என்ற எண்ணில் பேசலாம்.)