எந்தக் கட்சிக்காரரும் ஒப்புக்கொள்ளும் ஜீப்

கம்பம் பள்ளத்தாக்கில் பழைய வண்டி வைத்திருப்பவர்களிடம் கட்சி உண்டு. அம்பாசிடர்காரர் ஃபியட்டை மெச்ச மாட்டார். ஃபியட்காரருக்கு அம்பாசிடர் என்றாலே கல்யாண ஊர்வலமும் அரசாங்க அதிகாரியும்தான். ஆனால் இவர்களிடம், உங்கள் கம்பெனிக்கு வெளியே ஒரே ஒரு பழைய வண்டி வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு சுற்றிச் சுற்றி மகேந்திரா ஜீப்பில்தான் வந்து நிற்கும்.

காரணம் மேற்கே நிற்கும் மலை. அதன் அடிவாரத்தில் உள்ள பொட்டிப்புரம் என்ற ஊர்ப்பெயர் நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தால் உலக இயற்பியலாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அம்பரப்பர் மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிட்டதும் அதற்கு எழுந்த எதிர்ப்பும் செய்தியாயின. ஆனால் அந்த மலைத்தொடரின் மறுபக்கம் ஏலக்காய்க் காடு இருப்பதுதான் இந்த வட்டாரத்தின் அன்றாடச் செய்தி. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து தோட்டவேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் ஜீப் ஏறிவிடுவார்கள். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று பாதை பிரியும். போடிமெட்டுப் பாதையில் மட்டும் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். உச்சி நான்காயிரம் அடிக்கு மேலே. அங்கிருந்து தார்ச்சாலையை விட்டு இறங்கினால் தோட்டத்து மண்பாதை. அந்த மண்பாதையில் அம்பாசிடரோ ஃபியட்டோ நெடுநாள் தாங்காது.

ஜீப் பிறந்தது போருக்காக. அமெரிக்க ராணுவம் கேட்டபடி பேண்டம் என்ற சிறு கம்பெனி 1940இல் முதல் மாதிரியைச் செய்தது. அதை வில்லிஸும் ஃபோர்டும் லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளின. 1940களின் கடைசியில் மகேந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாகத் தருவித்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது; பிறகு உரிமம் வாங்கி இங்கேயே தயாரித்தது. நம் ஊர் ஜீப்பின் முகம், வில்லிஸ் 1953இல் கொண்டுவந்த சிஜே-3பி மாடலின் முகம். அதன் பானெட் மட்டும் ஏன் அவ்வளவு உயரம்? முந்தைய எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வு, புகை வெளியேற்றும் வால்வு இரண்டுமே சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்தன. புதிய எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வைத் தலைக்கு மேலே ஏற்றினார்கள். காற்றும் பெட்ரோலும் தாராளமாக உள்ளே போயின, குதிரைசக்தி அறுபதிலிருந்து எழுபதைத் தாண்டியது. எஞ்சின் உயர்ந்துவிட்டதால் பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் அந்த மாடல் 1968இல் நின்றது. இந்தியாவில் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வந்துகொண்டிருந்தது. பின்னாளில் பெட்ரோலுக்குப் பதில் 2,112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின் ஏறியது. மலையில் பிழைப்பவர்களுக்கு அது பெரிய ஆறுதல்; பெட்ரோல் செலவில் தோட்டத்து ஓட்டம் கட்டுப்படியாகாது.

இனி ஓட்டுநரின் இருக்கைக்குப் பக்கத்தில் பார்க்கலாம். ஃபோர் வீல் ஜீப்பில் கியர் லீவருக்கு அருகே இன்னும் லீவர்கள் இருக்கும். அவை டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு உரியவை. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியைப் பின்னச்சுக்கு மட்டும் தருவதா, முன்னச்சுக்கும் சேர்த்துப் பகிர்வதா என்று அந்தப் பெட்டிதான் முடிவு செய்கிறது. லோ கியரில் போட்டால் சுழற்சியை ஏறத்தாழ இரண்டரை மடங்கு மெதுவாக்கி, அதே அளவுக்கு இழுவையைக் கூட்டுகிறது. சிஜே-3பியில் ஃபர்ஸ்ட் கியரும் லோ கியரும் சேர்ந்தால் எஞ்சின் ஏறத்தாழ 37 முறை சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு முறை சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடினாலும் வண்டி நாம் நடக்கும் வேகத்தைவிட மெதுவாக நகரும். ஈரக் களிமண்ணில் சக்கரம் வீணாகச் சுற்றாமல், பிடித்துப் பிடித்து ஏறுவது இதனால்தான்.

ஆனால் நல்ல ஓட்டுநர் தார்ச்சாலையில் ஃபோர் வீலைத் தொடமாட்டார். வளைவில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போகும், பின்சக்கரங்கள் சின்ன வட்டம் போகும். இந்த வித்தியாசத்தைச் சமன்செய்ய இரண்டு அச்சுகளுக்கும் நடுவே பழைய ஜீப்பில் டிஃபரென்ஷியல் கிடையாது. மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாது. முறுக்கு முழுவதும் கியரிலும் ஷாஃப்ட்டிலும் ஏறும், ஸ்டீயரிங் இறுகும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் பல, பின்சக்கர ஓட்டம் மட்டுமே உள்ளவை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஓட்டுநரின் கை தெரியும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது மலை ஓட்டுநர்களின் பாலபாடம். பழைய ஜீப்பில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி விரியும், லைனிங்கின் பிடிப்புக் குறையும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். செகண்ட் கியரில் விட்டுவிட்டால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றியாக வேண்டும்; எஞ்சின் தரும் எதிர்ப்பே வண்டியை வேகமெடுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்து, பிரேக்கை வளைவுக்கு மட்டும் வைத்துக்கொள்பவரோடு பயணம் செய்வது நிம்மதி.

மற்றக் கம்பெனிக்காரர்களும் ஜீப்பிடம் மயங்குவதற்கு அடுத்த காரணம் அதன் உடம்பு. ஏணியைக் கிடத்திப் போட்டது போன்ற சேஸி, அதன்கீழ் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங், சேஸியின்மேல் தனியாக உட்காரும் தகர பாடி. ஒரு பட்டை முறிந்தால் அந்தப் பட்டையை மட்டும் மாற்றலாம். தகரம் நசுங்கினால் பட்டறையில் தட்டி வெல்டு வைத்துவிடலாம், ஓட்டம் கெடாது. (நம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் தனிச் சேஸி வண்டிதான். முன்பக்கத் தகரம் முழுவதையும் அப்படியே முன்னால் சாய்த்தால் எஞ்சினும் முன்சக்கரமும் கண்முன் வந்துவிடும். பிடித்த வண்டிகளில் இரண்டாவது இடத்தை நான் அதற்குத்தான் தருவேன்.)

இத்தனை பெருமைக்கும் ஒரு விலை இருக்கிறது. குட்டை நீளமும் உயர்ந்த நிற்பும் மண்பாதைக்கு நல்லவை, வேகமான வளைவுக்கு ஆபத்தானவை. கூரைக்கு வெறும் படுதா, சீட் பெல்ட் கிடையாது. ஏழெட்டுப் பேருக்கான இடத்தில் அதைப்போல் இரண்டு மடங்கு ஆட்களை ஏற்றும்போது எடையில் பெரும்பகுதி பின்பக்கம் போய்ச் சேர்கிறது. முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. மலைப்பாதையில் தோட்டத் தொழிலாளர்களின் ஜீப் கவிழ்ந்த செய்திகளை நாம் அடிக்கடி படித்திருக்கிறோம். கூலிக்குப் போகும் பெண்கள்தான் அவற்றில் பெரும்பாலும் அடிபடுகிறார்கள். ஜீப்பை நேசிப்பவர்கள் இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஏற்றும் ஆள் கணக்கைக் குறைப்பதும் காலை வேளையில் பேருந்து விடுவதும் செய்ய முடியாத காரியங்கள் அல்ல.

ஆசைக்கு ஒன்று வாங்கி வைக்க நினைப்பவர் பெயிண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். குனிந்து, ஸ்பிரிங் சேஸியோடு சேரும் இடங்களில் துருவும் பழைய வெல்டும் இருக்கிறதா என்று பாருங்கள். லோ கியரில் போட்டு ஓட்டுங்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் லீவர் தானாக எகிறி விழுந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸில் வேலை காத்திருக்கிறது. பெட்ரோல் ஜீப்பாகப் பிறந்து டீசலுக்கு மாறியவை ஏராளம். ஆர்.சி. புத்தகத்தில் அந்த மாற்றம் ஏறியிருக்க வேண்டும், எஞ்சினில் பொறித்த எண் அதோடு ஒத்துப்போக வேண்டும். இந்த இரண்டும் சரியாக இல்லாத ஜீப்பை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.