பழைய கம்ப்யூட்டர்: பழுது பார்ப்பதா, புதுசு வாங்குவதா?



"பிள்ளை படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும், கடன் கொடுங்க" என்று குழுக்களில் கேட்பது இப்போது சாதாரணமாகி விட்டது. நல்ல காரியம்தான். ஆனால் "வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்ததே?" என்று கேட்டால், "அது போயிடுச்சுங்க" என்பதுதான் பதில். என்ன போயிற்று என்று கேட்டால் தெரியாது.

வலையில் நாலு கண் அறுந்து விட்டால் நாம் வலையையே தூக்கிப் போடுவதில்லை. உட்கார்ந்து பின்னிச் சரி பண்ணுகிறோம். நூல் முழுக்க இற்றுப் போனால்தான் புது வலைக்குப் பணம் தேடுகிறோம். கம்ப்யூட்டருக்கும் அதே கணக்குதான். எது அறுந்த கண், எது இற்ற நூல் என்று தெரிந்து கொண்டால் ஒரு வருஷக் கடன் மிச்சமாகும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

நம் வீடுகளில் இருப்பவற்றில் பல, அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அப்போது வாங்கிய மெஷினுக்கு இன்று பத்து வயதுக்கு மேல் ஆகிறது. அக்கா படித்து முடித்து, தம்பி படித்து, இப்போது பரண் மேல் கிடக்கும். அதை முதலில் கீழே இறக்குங்கள்.

நம் ஊருக்கு என்று ஒரு வியாதி

காட்டுப்பள்ளியில் ஒரு பக்கம் வங்கக் கடல், மறு பக்கம் பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும், வடக்கே பழவேற்காடு ஏரி. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அதில் உப்பும் ஈரமும் இருக்கும். சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள், மீட்டர் பெட்டி எல்லாம் எப்படித் துருப்பிடிக்கிறதோ, அப்படியே கம்ப்யூட்டருக்குள் இருக்கும் செம்புக் கம்பிகளும் பின்களும் கெடுகின்றன. பச்சையாகவோ வெள்ளையாகவோ பொடி பூத்திருந்தால் அது உப்பு வேலை. வெளியூர்க் கடையில் "போர்டு போச்சு" என்று சொல்லும் பல கேஸ்கள், நம் ஊரில் வெறும் உப்பு பிடித்த பின்னாக இருக்க வாய்ப்பு உண்டு. மெக்கானிக்கிடம் "இது கடலோர வீட்டு மெஷின்" என்று முதலிலேயே சொல்லி விடுங்கள்.

முதல் வேலை: உள்ளே இருப்பதைக் காப்பாற்றுங்கள்

மெஷின் கொஞ்சமாவது ஓடும்போதே மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார் நகல், பாஸ்புக் நகல், குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். மெஷினுக்கு விலை உண்டு, கடையில் கிடைக்கும். போட்டோ கிடைக்காது. ஹார்டு டிஸ்க்கில் இருந்து "டக் டக்" என்று சத்தம் வந்தால் இன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு வேண்டாம்.

என்ன கோளாறு என்று நாமே பார்ப்பது எப்படி?

1. சுத்தமாக உயிரே இல்லை. முதலில் பிளக் பாயின்டில் வேறு எதையாவது சொருகிக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். பிறகு அடாப்டர் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, அடாப்டரைப் பிடுங்கி, மடிக்கணினியின் பேட்டரியையும் கழற்றி, ஆன் செய்யும் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பேட்டரி இல்லாமலே அடாப்டரை மட்டும் சொருகி ஆன் பண்ணுங்கள். ஓடினால் பேட்டரிதான் செத்துப் போயிருக்கிறது. அடுத்த வீட்டில் அதே மாடல் இருந்தால் அந்த அடாப்டரை வாங்கிச் சொருகிப் பார்ப்பது நல்ல சோதனை.

2. பீப் பீப் என்று கத்துகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பெரும்பாலும் ரேம் என்ற சின்ன அட்டையின் பின்னில் அழுக்கோ உப்போ பிடித்திருக்கும். கரண்டையும் பேட்டரியையும் எடுத்து விட்டு, ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பின்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து விட்டு மறுபடி அழுத்தமாகப் பொருத்தினால் பல மெஷின்கள் எழுந்து விடும். கை பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கேட்டுச் செய்யுங்கள்.

3. தேதி தப்பாக இருக்கிறது, இணையத்தில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. உள்ளே காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும். அதன் மேல் 2032 என்று போட்டிருக்கும். அது தீர்ந்தால் ஒவ்வொரு முறையும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விடும். தேதி தப்பானால் பேங்க், அரசுப் பக்கங்கள் எல்லாம் "பாதுகாப்பு இல்லை" என்று சொல்லித் திறக்க மறுக்கும். வட்ட பேட்டரி சின்னக் காசுதான். இதற்காகப் புது மெஷின் வாங்குவது, திரி தீர்ந்ததற்கு விளக்கையே மாற்றுவது போல.

4. கொஞ்ச நேரம் ஓடி, சூடாகித் தானாக அணைகிறது. உள்ளே இருக்கும் ஃபேனில் தூசி அடைத்திருக்கும். பாய், தலையணை, மெத்தை மேல் வைத்து ஓட்டினால் காற்றுப் போகும் வழி மூடிக் கொள்ளும். பலகை மேல் வையுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் பண்ணச் சொல்லுங்கள்.

5. பேட்டரி உப்பிப் போயிருக்கிறது. இது விளையாட்டு அல்ல. மூடி தூக்கிக் கொண்டு நின்றால் உடனே நிறுத்தி விடுங்கள். சார்ஜ் போட வேண்டாம், குத்த வேண்டாம், அமுக்க வேண்டாம். தீப்பிடிக்கும். பிள்ளைகள் கை படாத இடத்தில் வைத்து, கடையில் சொல்லி எடுக்கச் செய்யுங்கள்.

6. தண்ணீர் புகுந்து விட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததை யாரும் மறக்கவில்லை. நனைந்த மெஷினை "ஓடுதா பார்ப்போம்" என்று ஆன் பண்ணவே கூடாது. அதில்தான் போர்டு எரிகிறது. பேட்டரியைக் கழற்றி, அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டு போங்கள். அரிசியில் போட்டு வைத்தால் தண்ணீர் காயலாம், உப்பு போகாது. உப்புத் தண்ணீர் பட்டதைத் திறந்து கழுவித் துடைத்தே ஆக வேண்டும். மெஷின் பிழைக்கா விட்டாலும் ஹார்டு டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி உள்ளே இருப்பதை எடுக்க முடியும். கேட்டுப் பாருங்கள்.

"ஓடுது, ஆனா ஆமை மாதிரி ஓடுது"

அதிகமாக வரும் புகார் இதுதான். பத்து வருஷத்துக்கு முந்தைய மெஷின்கள் பலவற்றில் ரேம் 2 ஜிபிதான் இருக்கும். ஹார்டு டிஸ்க் தட்டு மாதிரி சுற்றும் பழைய வகை. இதில் இரண்டு மாற்றம் செய்யலாம். ரேமை 4 அல்லது 8 ஜிபி ஆக்குவது ஒன்று. சுற்றும் டிஸ்க்கை எடுத்து விட்டு எஸ்.எஸ்.டி. என்ற புது வகையைப் போடுவது இன்னொன்று. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது, ரேம் 4 ஜிபியாவது இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள். ஐந்து நிமிஷம் எடுத்தது ஒரு நிமிஷத்துக்குள் எழுந்து விடும்.

விண்டோஸ் பழசானால் என்ன?

மெஷின் நன்றாக ஓடினாலும் அதற்குள் இருக்கும் விண்டோஸுக்கு ஆயுள் உண்டு. விண்டோஸ் 7-க்குக் கம்பெனி பாதுகாப்பு கொடுப்பதை 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. அதற்காக மெஷின் நின்று விடாது. ஆனால் புதுப்புதுத் திருட்டு வழிகளை அடைக்க ஆள் இல்லை. பூட்டு இருக்கிறது, சாவி ஊர் முழுக்க இருக்கிறது என்ற நிலைமை. அப்படிப்பட்ட மெஷினில் பேங்க் கணக்கு, குழுக் கணக்கு, ஓ.டி.பி. வேலை எதுவும் வேண்டாம்.

விண்டோஸ் 11 போடலாமே என்றால், அது 2018-க்கு முன்னால் வந்த பெரும்பாலான மெஷின்களை ஏற்காது. ஆனால் வேறு வழி இருக்கிறது. லினக்ஸ் என்பது காசில்லாமல் கிடைக்கும் இயங்குதளம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் அதில் ஒரு வகை. லினக்ஸில் தமிழில் தட்டச்சு செய்யலாம், கடிதம் எழுதலாம், கணக்கு அட்டவணை போடலாம், இணையம் பார்க்கலாம். பழைய மெஷினில் விண்டோஸை விட இலகுவாக ஓடுவதும் உண்டு. ஊரில் கல்லூரி படிக்கும் பிள்ளைகளிடம் கேளுங்கள், போட்டுத் தருவார்கள்.

வாங்குவதா, வேண்டாமா: மூன்று கேள்வி

முதல் கேள்வி: என்ன வேலைக்கு? விண்ணப்பம் போட, கவுன்சலிங் பார்க்க, பாடம் படிக்க, குழுக் கணக்கு எழுத என்றால் பழசே போதும். பெண் இன்ஜினியரிங்கோ கணினி அறிவியலோ படிக்கிறாள், கனமான மென்பொருள் வேண்டும் என்று கல்லூரியில் சொல்கிறார்கள் என்றால் பழசை இழுத்துக் கொண்டிருக்க வேண்டாம். அது அவள் படிப்பு.

இரண்டாவது கேள்வி: எது போயிருக்கிறது? அடாப்டர், பேட்டரி, ரேம், டிஸ்க், கீபோர்டு, ஃபேன் இவை அறுந்த கண்கள். மாற்றிக் கொள்ளலாம். தாய்ப்பலகை என்கிற மதர்போர்டு போனால் அது இற்ற நூல். திரை மட்டும் போனால், வீட்டு டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வயர் போட்டு டி.வி.யையே திரையாக வைத்துக் கொள்ளலாம்.

மூன்றாவது கேள்வி: எவ்வளவு ஆகும்? பழுது பார்க்கும் செலவு, நல்ல நிலையில் உள்ள ஒரு பயன்படுத்திய மெஷினின் விலையில் பாதிக்கு மேல் போனால் பழுது பார்க்க வேண்டாம். ஒரே வருஷத்தில் இரண்டாம் முறை பெரிய செலவு வந்தாலும் நிறுத்தி விடுங்கள்.

கடன் கணக்கையும் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, குழுவில் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 12 தவணை, நிலுவைக்கு மட்டும் வட்டி என்று வைப்போம். 30,000 ரூபாய்க் கடனுக்கு மாதம் 2,500 அசல், மொத்த வட்டி 1,950 ரூபாய். அதே இடத்தில் 6,000 ரூபாயில் பழுது பார்த்தால் மாதம் 500 அசல், மொத்த வட்டி 390 ரூபாய். மாதம் 2,500 என்பது எல்லா மாதமும் கையில் இருக்குமா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக் காலம். காசிமேட்டில் ஏலம் எடுத்துத் தலைச்சுமையாக விற்கிற சகோதரிகளுக்கு அந்த இரண்டு மாதம் வரவு சுருங்கும். ஐப்பசி, கார்த்திகை புயல் நாட்களில் படகே இறங்காது. தவணை மட்டும் தவறாமல் வரும்.

பயன்படுத்தியது வாங்கினால்

சென்னை ரிச்சி தெருவில் பயன்படுத்திய மெஷின்கள் நிறையக் கிடைக்கும். தனியாகப் போகாமல் விஷயம் தெரிந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். ஒரு மணி நேரம் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். எல்லா எழுத்தும் விழுகிறதா, வைஃபை, கேமரா, சத்தம், சொருகும் துளைகள் எல்லாம் சரியா, விண்டோஸ் 11 ஏற்குமா என்று பாருங்கள். மெஷின் நம்பர் எழுதிய பில்லும், எத்தனை நாள் உத்தரவாதம் என்பதும் எழுத்தில் வேண்டும். பில் இல்லாத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டுப் பொருளாக இருக்கலாம்.

இருப்பதை நீடிக்க வைக்க

* கடல் பார்த்த ஜன்னல் ஓரம், அடுப்புப் புகை படும் இடம் வேண்டாம்.
* வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் போகும். மூடியே வைத்தால்தான் சீக்கிரம் கெடும்.
* இடி மின்னல் என்றால் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள்.
* எர்த் உள்ள மூன்று பின் பாயின்டில் மட்டும் சொருகுங்கள்.

போனது போகட்டும், எங்கே போகட்டும்?

விற்கும் முன் உள்ளே இருப்பதை முழுதாக அழிக்கச் சொல்லுங்கள். அல்லது டிஸ்க்கைக் கழற்றி வைத்துக் கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் போட்டோ, ஆதார் நகல் யார் கைக்கும் போகக் கூடாது. மின்னணுக் கழிவுக்கென்று 2022-ல் வந்த விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் இவை போய்ச் சேர வேண்டும். செம்புக்காக வயரை எரிப்பவரிடம் கொடுத்தால் ஈயமும் நச்சுப் புகையும் நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும்தான் வரும். அந்தத் தண்ணீரில்தான் நாம் இறால் தடவி எடுக்கிறோம்.

குழுவில் செய்ய வேண்டியது

கம்ப்யூட்டர் கடன் மனு வந்தால் "பழசு எங்கே, என்ன கோளாறு, பழுது பார்க்க எவ்வளவு?" என்ற மூன்றுக்கும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். தட்டிக் கழிப்பதற்காக அல்ல. தேவைப்பட்டவருக்குத் தயங்காமல் கொடுப்பதற்காக. ஏரியில் முறை வைத்துப் பாடு போடுவது நம் ஊர்ப் பழக்கம். அதே மாதிரி பழுது பார்த்த ஒரு மெஷினைப் படிக்கிற பிள்ளைகள் உள்ள நாலு வீடு நாள் முறை வைத்துப் பயன்படுத்தலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது பரண் மேல் இருப்பதை அடாப்டரோடு எடுத்து வாருங்கள். இந்தப் பக்கத்தை வைத்துக் கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்போம். எழுந்து நிற்பது எத்தனை என்று அன்றைக்கே தெரிந்து விடும்.